எந்த முத்துப்பாண்டி?

அவள் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மனஸ்தாபம் எதுவும் கிடையாது. தேனியில் பஸ் ஏறிக் கூடலூர் போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் வழியாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனால் ஊருக்குப் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பேர். நான் அதை எழுதினால் நீங்கள் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருத்தியை நினைத்துக்கொண்டு இவளை விட்டுவிடுவீர்கள். அவளே இதைப் படித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள். "எந்தப் பொண்ணைப் பத்திண்ணே எழுதியிருக்கீக?"

அந்த 'எந்த'தான் அவள். வேலையை விட்டுப் போய் ஆறேழு வருஷம் இருக்கும். முகம் கொஞ்சம் மங்கிவிட்டது. அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு என் பிழைப்பைக் கேள்வி கேட்கிறது.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு டயர்க் கடை மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். திராட்சை வியாபாரிகள், வாழைத்தார் மண்டிகள், குளிர்பதனக் கிடங்குகள், இவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். நான் டீம் லீட். விசிட்டிங் கார்டே உண்டு. டீமில் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் முதலாளி. ஆக நான் யாருக்கு லீட் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒருத்தியும் என்னைக் கேள்வி கேட்டே கொன்றாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளிடம் சொன்னேன், "நாளைக்கு முருகன் வருவாரு. ஏசியைப் பாக்க. நான் இல்லாட்டியும் உள்ள விட்டுரு."

"எந்த முருகன்ண்ணே?"

"ஏசி முருகன்தாம்மா. என்னமோ தேனியில நூறு முருகன் இருக்குற மாதிரி கேக்குற?"

"இருக்காகல்ல?" என்றாள், சிரிக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம், படியேறி வந்து "நான்தான் முருகன்" என்று சொன்ன ஒருவரை ஸ்டூலில் ஏற்றி ஏசியைக் கழற்றச் சொன்னவன் நான். அவர் இன்சூரன்ஸ் முருகன். பாலிசி எடுக்கப்போகிற ஆளைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பாவம் கழற்றிவிட்டார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்க டயர் வாசனையில் வெந்தோம். இதை அவளிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

"மழை வருதாம்" என்று யாராவது சொன்னால், "எந்த மழை? மேகமலையில இருந்து எறங்குறதா, போடிப் பக்கத்து மழையா?" என்பாள். அவள் ஊர் சின்னமனூர். மேகமலை மழை என்றால் சீக்கிரம் கிளம்புவாள், போடி மழை என்றால் உட்கார்ந்து வேலையை முடிப்பாள். நான் மழை என்றால் மழை என்று நினைத்துக் குடையை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போய் நனைகிற ஜாதி. மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன் என்று திருநீற்றை நீட்டினால், "எந்த மாரியம்மன்?" என்று கேட்டுவிட்டுத்தான் பூசிக்கொள்வாள். சாமியையே விசாரித்துக் கும்பிடுகிறவளிடம் ஒரு டீம் லீட் என்ன செய்ய முடியும்?

போனில் இன்னும் மோசம். ஒருதடவை மண்டிக்காரர் ஒருவர், "நான் செல்வம் பேசுறேன்" என்றார்.

"எந்தச் செல்வம்ங்க?"

"ம்ம்? உங்க முதலாளிக்குச் சோறு போடுற செல்வம்!" என்று அவர் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"சரிங்க. ஊரு?" என்றாள் அவள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அவளிடம் எனக்குப் புரியாமலே இருந்தன. பேர் சொல்லி ஒருதடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது கேட்காதோ என்று பார்த்தால் கீழே டயர்க் கடையில் ரகசியம் பேசினால்கூட அவளுக்குக் கேட்கும். இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான், 'நானா?' என்பது மாதிரி மெதுவாகத் திரும்புவாள். திமிர் என்று நினைத்தேன். நான் லீட் அல்லவா, அப்படித்தானே நினைக்கத் தோன்றும்! அடுத்தது அவளுடைய தண்ணீர் பாட்டில். அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் 'இது என்னுது' என்று எழுதியிருக்கும். டிபன் டப்பா மூடியிலும், மடக்குக் குடையின் பிடியிலும் அதேதான்.

"பேரை எழுத வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"பேரை எழுதுனா யாருதுன்னு தெரியாதுண்ணே" என்றாள்.

ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

இனி அந்த ஃபார்மர் விவகாரம். கம்பம் பக்கத்தில் ஒரு திராட்சைக் கிடங்குக்காரருக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வகை விஷயத்துக்கும் நாங்கள் ஒரு அச்சு செய்துவைப்போம். அதற்கு க்ளாஸ் என்று பேர். விவசாயி என்றால் அவருடைய பேர், ஊர், கிடங்கில் வைத்திருக்கிற பெட்டி, இவையெல்லாம் அந்த அச்சில் இருக்கும். நான் அதற்கு ஃபார்மர் என்று பேர் வைத்திருந்தேன். ஒரு அச்சில் வார்த்ததை வேறொரு அச்சுக்காரன் கேட்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் கம்ப்யூட்டர் வாங்காது. இட்லித் தட்டில் பணியாரம் உட்காராது, அவ்வளவுதான் விஷயம்.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் எனக்கு இப்படி ஒரு எர்ரர் காட்டியது: ஃபார்மரை ஃபார்மராக மாற்ற முடியாது.

என்ன அநியாயம்! என் பேர் முத்துப்பாண்டி. முத்துப்பாண்டியை முத்துப்பாண்டியாக மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டேன். அணைத்துப் போட்டேன். கட்டியதையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னேன். இருந்த சாஃப்ட்வேரைக் கழற்றித் திரும்பப் போட்டேன். யாரும் பார்க்காத நேரம் சிபியூவுக்குத் திருநீறு பூசினேன். அப்போதும் ஃபார்மரை ஃபார்மராக மாற்ற முடியாது.

சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிற கூட்டாளிக்குப் போன் போட்டேன். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா மாப்ள? அவனை மொதல்ல ஆப்ஜெக்டா மாத்து. அப்புறம் ஆப்ஜெக்ட்ல இருந்து ஃபார்மரா மாத்து. கம்ப்யூட்டர் வாயே தெறக்காது" என்றான். அதாவது ஆளை முதலில் 'யாரோ ஒருத்தன்' ஆக்கிவிட்டு, பிறகு அந்த யாரோவை 'இவன்தான் நம்ம ஆள்' என்று சாதிப்பது. செய்தேன். எர்ரர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் போட்டிருந்த சிவப்புக் கோடு மறைந்துவிட்டது! முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிடங்குக்காரரையும் வரச் சொல்லி அவர் முன்னால் ஓட்டினேன். பாதியில் பொத்தென்று நின்றது. கிடங்குக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதுவரை அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போன பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"எந்த ஃபார்மர்ண்ணே?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஒரே ஃபார்மர்தாம்மா! இதுலயுமா எந்த? இதென்ன முருகனா, மாரியம்மனா?"

"எர்ரரை முழுசாப் படிச்சீகளா?"

முழுசா எங்கே படித்தேன்? க்ளாஸின் பேருக்கு முன்னால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நீளமாக ஒரு விலாசம் வரும். விலாசத்தோடு சேர்த்துத்தான் கம்ப்யூட்டருக்கு அது பேர். நான் எந்நாளும் கடைசிச் சொல்லை மட்டும் படிக்கிற ஆள். அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஒரு ஃபார்மர் கிடங்கு ஃபோல்டரில் குடியிருந்தான். இன்னொரு ஃபார்மர் ரசீது ஃபோல்டரில். பேர் ஒன்று, வீடு வேறு. கம்ப்யூட்டர் பாவம், காலையிலிருந்து விலாசத்தோடு எனக்கு எழுதிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எவன் இந்த ரெண்டாவத எழுதுனவன்?" என்று சத்தம் போட்டேன். லீட் என்றால் சத்தம் போட வேண்டும்.

யார் எதை எழுதினார்கள் என்று காட்டுகிற வசதி ஒன்று உண்டு. அவள் அதைத் தட்டினாள். முதல் ஃபார்மர், முத்துப்பாண்டி. இரண்டாவது ஃபார்மர், முத்துப்பாண்டி. தீபாவளிக்கு முன்னால் ஒன்றை எழுதியிருக்கிறேன். லீவு முடிந்து வந்து, எழுதியதை மறந்து, இன்னொன்றையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பெற்ற புண்ணியவான் நானேதான்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பேன். "மொதல்ல ஒண்ணை முடிவு பண்ணுங்கண்ணே. ரெண்டும் ஒரே ஆளா, வேற வேற ஆளா? ஒரே ஆளுன்னா ஒண்ணை எடுத்துட்டு எல்லா எடத்துலயும் மத்ததையே வைங்க. வேற ஆளுன்னா ரெண்டுக்கும் தனித்தனிப் பேரு வைங்க. பேரை மாத்த முடியாத எடத்துல விலாசத்தோட முழுசா எழுதுங்க. அத முடிவு பண்ணாம இவனை அவனா ஆக்குறது அடாவடிண்ணே. இப்போதைக்கு வாய மூடிக்கிரும். ஓடும்போது மானத்த வாங்கிரும்."

ஒரே ஆள்தான் என்று முடிவு செய்து ஒன்றை எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்ததும் ஓடியது. கிடங்குக்காரர் திரும்பி வந்து அந்த டீயையும் குடித்தார். இத்தோடு நான் திருந்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு முடிந்து, முன்நெற்றி பின்னால் போய்க்கொண்டிருந்தது. பார்த்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயின. கடைசியில் கூடலூரில் ஒரு பெண். லோயர் கேம்ப் போகிற ரோட்டோரம் திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்குள் வீடு. பெண் பார்க்கப் போனபோது கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, "நீங்க என்ன வேலை பாக்குறீகன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். நான் அந்த இட்லித் தட்டு, பணியாரக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் என் அம்மாவிடம், "இவதான். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று சொன்னேன். இந்த வயசில் இந்த வசனம்! அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் தரகர் வந்தார். "அவுக வேணாம்னுட்டாக. பையன் குடிக்கிறாப்லயாம். நெதமும் ரோட்டுல விழுந்து கெடக்குறாப்லயாம். ஊருக்குள்ள விசாரிச்சுட்டாக."

இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறவன் நான். "யாரு சொன்னது?" என்று எகிறினேன். பெற்ற தாய் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். "ஏலே, நெசத்தச் சொல்லு. குடிக்கிறியா?"

கொஞ்சம் யோசித்ததும் விளங்கிவிட்டது. எங்கள் ஜெயமங்கலத்தில் தெருவில் நின்று முத்துப்பாண்டி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். எல்லாருக்கும் அதே குலசாமியின் பேர், வீடுதான் வேறு வேறு. அதில் ஒருவனுக்கு என் வயசு, அப்பா பேரின் முதல் எழுத்துகூட ஒன்றுதான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நல்லவன்தான், சாயங்காலம் வரைக்கும். பெண்ணின் அப்பா ஊருக்குள் வந்து "முத்துப்பாண்டி எப்படி?" என்று கேட்டிருக்கிறார். ஊர் தனக்கு அதிகம் பழக்கமான முத்துப்பாண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊர்களில் இப்படி ஆகாமல் இருப்பதற்குத்தான் வீட்டுப் பேர் என்று ஒன்று உண்டு. மண்டையன் வீடு, புளியமரத்து வீடு, வெள்ளாட்டுக்காரன் வகையறா. அதைச் சேர்த்துச் சொன்னால் ஆள் தவறவே தவறாது. சரி, நான் ஏன் அதைச் சொல்லவில்லை? தரகரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஏன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்?

எங்கள் வீட்டுப் பேர் வடைதிருடி.

என் பூட்டன் எங்கேயோ ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து எழும்போது தலையில் கட்டியிருந்த உருமாலுக்குள் இரண்டு உளுந்த வடையைச் செருகிக்கொண்டார். அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். பெரிய மனுஷன், போய் மணமக்களை ஆசீர்வதிக்கக் குனிந்தார். வடை இரண்டும் மணப்பெண் மடியில் விழுந்தன. அன்றைக்கு வைத்த பேர். என் தாத்தா வடைதிருடி மகன், என் அப்பா வடைதிருடி பேரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட என்னை அப்படித்தான் பிரித்துச் சொல்வார். படித்து முடித்துத் தேனிக்கு பஸ் ஏறிய அன்றைக்கு அந்தப் பேரை ஜெயமங்கலம் ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டேன். டீம் லீட் முத்துப்பாண்டி. வெறும் முத்துப்பாண்டி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினேன்.

தரகர் சொல்லிப் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய் விளக்கலாம் என்றால், 'அது வேற முத்துப்பாண்டி' என்று குடிகாரனும்தான் சொல்வான். யார் நம்புவார்கள்? ஆபீஸில் ஒரு வரி எழுதி மூன்று வரி அழித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள். சொன்னேன், வடையைத் தவிர எல்லாவற்றையும். "ம்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் படியேறுகிற சத்தம் கேட்டது. எங்கள் ஆபீஸில் முன்னால் அவள் சீட், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் என் சீட். இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கூடலூர்க்காரர்! பெண்ணின் அப்பா!

"இங்கன முத்துப்பாண்டின்னு ஒருத்தர் வேலை பாக்குறாராமே?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எந்த முத்துப்பாண்டிங்க?"

அடிப்பாவி! ஆபீஸில் இருப்பதே ஒரு முத்துப்பாண்டி. அவனும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு ஒருநாள் அந்தக் கேள்வியை விழுங்கினால் என்ன? கிழிஞ்சது போ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, இங்கன ரெண்டு முத்துப்பாண்டி இருக்காகளா?"

"இங்கன ஒருத்தர்தாங்க. நீங்க தேடி வந்தது அவரைத்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம். "ஜெயமங்கலத்து முத்துப்பாண்டி. எம்மகளுக்குப் பாத்தோம். குடிகாரன்னு ஊருல சொன்னாக, வேணாம்னுட்டேன். எம்புள்ள ஒத்தக் காலுல நிக்கிறா. பணியாரக் கதை சொன்ன ஆளு ரோட்டுல விழுந்து கெடக்க மாட்டாருப்பா, திரும்பப் போயி விசாரிங்கன்னு ரெண்டு நாளாச் சோறு திங்கல. அதான் நேருலயே பாத்துருவோம்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாக. இரண்டு நாளாகச் சாப்பிடாத இன்னொரு ஜீவன் கூடலூரில் இருக்கிறது!

"ஊருல நீங்க எந்த வீட்டு முத்துப்பாண்டின்னு கேட்டீக?" என்றாள் அவள்.

"எந்த வீடுன்னு... தரகர் ஒண்ணும் சொல்லலியே. வெறும் பேரைத்தான் கேட்டேன்."

"வெறும் பேரைக் கேட்டா அங்கன மொதல்ல யாரு ஞாபகத்துக்கு வருவாகளோ அவுகளைத்தானங்க சொல்லுவாக." பிறகு தடுப்பைப் பார்த்து, "அண்ணே, வெளிய வாங்க. உங்க வீட்டுப் பேரு என்ன?"

வெளியே வந்தேன். கும்பிட்டேன். அவளைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவளோ ஃபார்மரைப் பார்த்த அதே மாதிரி என்னைப் பார்த்தாள். "முழுசாச் சொல்லுங்கண்ணே. பாதிப் பேரைச் சொன்னா தப்பான ஆளுதான் வந்து நிப்பாக."

"வடைதிருடி" என்றேன்.

"என்னது?" என்றார் அவர், காதைத் திருப்பி.

"வடைதிருடி வீடுங்க." கீழே டயர்க் கடையில் டக்கென்று சத்தம் நின்றது. அவர்களுக்கும் கேட்டுவிட்டது.

அவர் முகம் அசையவில்லை. பிறகு மீசை ஆடியது. பிறகு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. "அட! உருமால்ல வச்சு, குனிஞ்சு, பொண்ணு மடியில... அந்த வீடா! எங்க அய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஏம்ப்பா, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்த வீட்டுல குடிகாரன் ஏது? தீனிக்காரன்தான் உண்டு!"

டீ வந்தது. அவள் சர்க்கரை போடப் போட, போதும் என்பதற்கு "மதி, மதி" என்றார். குமுளிக்குச் சரக்கு ஏற்றுகிறவர், பாதி மலையாளம். கிளம்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணத்துக்கு உருமால் கட்டாதீக மாப்ள" என்றார். மாப்ள! அவர் படியிறங்கியதும் அவளிடம் திரும்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். "வேலையைப் பாருங்கண்ணே" என்றாள்.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும், பெரியவர்கள் வீட்டுக்கு அடுத்தபடி அவள் வீட்டுக்குத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை. உறையில் என் கையாலேயே அவள் பேரை எழுதி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துச் சின்னமனூர் போனேன். அவள் அம்மா வாசலுக்கு வந்தார். "வாங்க தம்பி. அவ கடைக்குப் போயிருக்கா. இந்தா வந்துருவா, உக்காருங்க."

தட்டைக் கொடுத்தேன். அந்த அம்மா உறையின் மேலிருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. நேராக உள்சுவர் பக்கம் போனார். அங்கே மாலை போட்ட ஒரு போட்டோ, முன்னால் விளக்கு. பத்திரிகையை அதன் கீழே வைத்து, ஒரு பூவையும் கிள்ளி வைத்தார். போட்டோவுக்கு அடியில் பேர் எழுதியிருந்தது. அவள் பேர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? துள்ளி எழுந்து, "ஐயையோ, நேத்துக்கூட ஆபீஸ்ல பேசிக்கிட்டு இருந்தாளேம்மா!" என்று கத்தினேன். கடைக்குப் போயிருக்கிறாள் என்று அந்த அம்மா சொல்லி வாய் மூடவில்லை. போட்டோவில் இருப்பது ஐந்தாறு வயசுக் குழந்தை, ரெட்டைச் சடை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. எதையும் பார்க்கவில்லை. பேரை மட்டும் படித்தேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது மூத்தவ, தம்பி."

வாசலில் செருப்புச் சத்தம். கையில் காய்கறிப் பையோடு அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள், போட்டோவின் கீழே இருந்த பத்திரிகையைப் பார்த்தாள். அம்மா காப்பி போட அடுப்படிக்குப் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க அக்காண்ணே. நான் பொறக்குறதுக்கு முந்தியே காய்ச்சல்ல போயிட்டா. அம்மாவுக்குப் பேரை விட மனசில்ல. என்னைப் பெத்ததும் எனக்கு வச்சுட்டாக. எது வந்தாலும் மொதல்ல அவளுக்குத்தான். அம்மா பேரைச் சொல்லிக் கூப்புட்டா நான்தான்னு ஓடியாருவேன். வந்து பாத்தா போட்டோகிட்டப் பேசிக்கிட்டு இருப்பாக. சின்னப் புள்ளையில, எந்தப் புள்ளையக் கூப்புட்டம்மான்னு கேப்பேன். அழுவாக. அப்புறம் அம்மாகிட்டக் கேக்குறத விட்டுட்டேன்."

அம்மாவிடம் விட்டதைத்தான் எங்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. திமிர் என்று நினைத்தேனே, அந்த இரண்டாம் கூப்பிடலுக்காகக் காத்திருந்ததை!

அவள் அடுப்படியை ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, பத்திரிகை இன்னொண்ணு இருக்குமா?"

பை நிறைய இருந்தது. ஒன்றை எடுத்தேன். உறையில் பேர் எழுதப் பேனாவைக் கொண்டுபோய், அப்படியே நின்றேன். அந்தப் பேர் விளக்குக்கு முன்னால் இருந்தது. சின்னவள் என்று எழுதலாமா? ஆபீஸ் என்று அடைப்புக்குள் போடலாமா? டீம் லீட் மூளை இதற்குமேல் ஓடவில்லை. கடைசியில் அவளுடைய தண்ணீர் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது. 'இது உன்னுது' என்று எழுதிக் கொடுத்தேன். கோணல் மாணலாகத்தான் வந்தது.

வாங்கிப் படித்தாள். பிறகு கொத்தமல்லிக் கட்டைத் தள்ளிவிட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

யாருது என்று கேட்கவில்லை.